தீர்ப்புக்கு முன்னால் தண்டனை

எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு படம் வரும். அரசு மருத்துவமனைக் கட்டிலில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருப்பான். கையில் மாவுக்கட்டு. சில படங்களில் காலிலும். கூடவே வரும் செய்தியின் வாசகம்கூட அவ்வளவாக மாறாது: போலீஸைக் கண்டதும் தப்பி ஓடினார், பாலத்திலிருந்து குதித்தார், கழிவறையில் வழுக்கி விழுந்தார், எலும்பு முறிந்தது. அதற்குக் கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக விழும். "சரியான வைத்தியம்", "போலீஸுக்கு ஒரு சல்யூட்". இதைப் போடுகிறவர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள். ஒரு விபத்து என்றால் ரத்தம் கொடுக்க முதலில் ஓடுகிறவர்களும் இவர்கள்தான்.

ஒருநாள் அந்தக் குழுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இந்தப் பையன்மீது குற்றம் நிரூபணம் ஆகிவிட்டதா? உடனே பதில் வந்தது. "அண்ணாச்சி, உங்க வீட்டுல ஒரு வெட்டு விழுந்தா இப்படிப் பேசுவியளா?"

நியாயமான கேள்விதான். திருநெல்வேலிக்காரர் யாரும் அதை லேசாகக் கடந்துவிட முடியாது. ஒரு கொலைக்குப் பதில் இன்னொரு கொலை என்று வருஷக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும் ஊர்களை நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் குற்றமற்றவர் என்பதைப் பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். சினிமாவில் வக்கீல்கள் கத்திக் கத்தி நம் காதில் ஏறிய சங்கதி. நம் அரசமைப்புச் சட்டத்தில் இந்த வாசகம் இப்படியே எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. 20-ஆம் பிரிவு, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 21-ஆம் பிரிவு, சட்டம் வகுத்த வழியில் அல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. 22-ஆம் பிரிவு, கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. இவற்றின்மேல் நீதிமன்றங்கள் கட்டி எழுப்பியதுதான் இந்த அனுமானம். ஒரே சாட்சியத்திலிருந்து இரண்டு முடிவுக்கு வர முடியும் என்றால், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முடிவைத்தான் எடுக்க வேண்டும் என்று 1973-இல் காளி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2008-இல் நூர் ஆகா வழக்கில் இந்த அனுமானத்தை மனித உரிமை என்றே குறிப்பிட்டது.

வெள்ளைக்காரன் ஊரிலும் இது தானாக வந்துவிடவில்லை. 1935-இல் வுல்மிங்டன் என்ற 21 வயதுப் பண்ணைத் தொழிலாளியின் வழக்கு. மனைவி துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தாள். கை தவறி வெடித்தது என்றான் அவன். விபத்து என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும் என்ற அடிப்படையில் வழக்கை நடத்தித் தூக்குத் தண்டனை கொடுத்தார்கள். பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது, குற்றமற்றவன் என்று நிரூபிக்கும் வேலை அவனுடையது அல்ல என்றது.

ஏன் அப்படி? ஒரு பக்கம் போலீஸ், அரசு வழக்கறிஞர், ஆய்வகம், சிறை, அரசாங்கக் கஜானா. இன்னொரு பக்கம் விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளியின் மகன் ஒருவன், அவன் அம்மா, அவள் கழுத்தில் அடகுக்குப் போக மிச்சமிருக்கும் ஏதோ ஒன்று. இந்த இரண்டு தரப்பையும் சமம் என்று வைத்துக்கொண்டு விசாரித்தால் எப்போதும் ஒரே தரப்புதான் ஜெயிக்கும்.

இவ்வளவும் நீதிமன்றத்துச் சங்கதி. நான் சொல்ல வந்தது வேறு. இந்த அனுமானம் சாகிற இடம் நீதிமன்றம் இல்லை. ஒருவரை வீட்டிலிருந்து அழைத்துப்போன நேரத்துக்கும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துகிற நேரத்துக்கும் நடுவில், அந்த ஒரு பகல் ஓர் இரவில்தான் அது சாகிறது. அதற்கப்புறம் நடக்கிற விசாரணை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் பிடுங்கிய பல் முளைக்காது.

பல் என்று சும்மா சொல்லவில்லை. 2023 மார்ச்சில் நம் தாமிரபரணிக் கரையிலிருந்துதான் அந்தச் செய்தி வந்தது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் காவல் நிலையங்களுக்கு விசாரணைக்குக் கொண்டுபோன ஆட்களின் பற்களை கட்டிங் பிளேயரால் பிடுங்கினார்கள், வாயில் ஜல்லிக்கல்லைப் போட்டு அடித்தார்கள் என்பது புகார். புகாருக்கு ஆளானவர் அந்த உட்கோட்டத்தின் ஏ.எஸ்.பி. பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களில் பலர் அடிதடி, தகராறு என்று அழைத்துச் செல்லப்பட்டவர்கள். காவல் நிலைய வாசலை முதல்முறை மிதித்தவர்களும் அதில் உண்டு.

மாவட்ட ஆட்சியர் உத்தரவின்பேரில் சேரன்மகாதேவி சார் ஆட்சியர் முகமது சபீர் ஆலம் விசாரணையைத் தொடங்கினார். முதலில் ஆஜரானவர்களில் ஒருவர், கீழே விழுந்ததில் பல் உடைந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் செய்தியைப் படித்தபோது பிளேயரைப் பற்றிப் படித்ததைவிட எனக்கு அதிகமாக வயிறு கலங்கியது. திரும்பவும் அதே ஊரில், அதே ஸ்டேஷனைக் கடந்துதானே அவர் தினமும் போய்வர வேண்டும்? பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக முன்வந்தார்கள். மார்ச் 29 அன்று முதலமைச்சர் சட்டப்பேரவையிலேயே அந்த அதிகாரியின் பணியிடை நீக்கத்தை அறிவித்தார். பெ. அமுதா ஐ.ஏ.எஸ். உயர்மட்ட விசாரணை அதிகாரியாக அம்பாசமுத்திரத்துக்கே வந்து விசாரித்தார். அவர் பரிந்துரையின்பேரில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அதிகாரியோடு மற்றப் போலீஸாரும் குற்றம் சாட்டப்பட்டார்கள்.

அந்த நாட்களில் நம் ஊர்களில் கடை ஷட்டர்களைச் சாத்திவிட்டு அதிகாரிக்கு ஆதரவாகப் பேசியவர்களும் இருந்தார்கள். அவர் வந்தபிறகு ரவுடித்தனம் குறைந்தது, பெண்கள் நிம்மதியாக நடமாடினார்கள் என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு நிம்மதி கிடைத்திருக்கலாம். அந்த நிம்மதிக்கு யாருடைய வாய் விலையாகப் போனது, அந்த வாய் உண்மையில் குற்றவாளியுடையதுதானா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது நம் சட்டம். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் இது 23-ஆம் பிரிவு. தன் போலீஸையே நம்பாத ஒரு விதியை வெள்ளைக்கார அரசாங்கம் ஏன் எழுதியது? அதன் வேர் சென்னை மாகாணத்தில் இருக்கிறது. வரி வசூலுக்கும் குற்ற விசாரணைக்கும் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் லண்டன் நாடாளுமன்றம்வரை போய், 1855-இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. அந்த அறிக்கையில் நம் ஊர்க் 'கிட்டி' அதே பெயரோடு ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே கையைக் கொடுத்து நசுக்கும் கருவி. 1857-இல் காரல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை வைத்து ஒரு கட்டுரையே எழுதினார். ஆணையம் வந்துபோன சில வருஷங்களில், 1861-இல், போலீஸிடம் தரும் ஒப்புதலை ஏற்கக் கூடாது என்ற விதி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏறியது. பிறகு சாட்சியச் சட்டத்துக்குப் போனது.

நம் பாட்டன் பூட்டன்மார் விரல் நசுங்கிப் பெற்றுத்தந்த பாதுகாப்பு இது. அந்த அறிக்கைக்கு 168 வருஷம் கழித்து, கிட்டி போய் கட்டிங் பிளேயர் வந்தது என்று அதே மாகாணத்துத் தென்கோடியிலிருந்து புகார் வருகிறது.

அதே வெள்ளைக்கார அரசாங்கம்தான் இதற்கு நேர் எதிரான சட்டத்தையும் போட்டது. 1871-இல் வடக்கே தொடங்கிய குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தென் மாவட்டங்களில் பெரியவர்கள் இதை ரேகைச் சட்டம் என்பார்கள். ஒரு சாதியில் பிறந்தாலே சந்தேகத்துக்குரியவன். பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும், ஊரைவிட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், ராத்திரி ஸ்டேஷனில் போய் ஆஜராக வேண்டும். கல்யாணமான புதிதிலும் அப்படித்தான். கள்ளர், மறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் அந்தப் பட்டியலில் கிடந்தன. எத்தனையோ பேர் போராடி, 1947-இல் சென்னை மாகாணம் அதை ரத்து செய்தது. 1952-இல் நாடு முழுக்க ஒழிந்தது. ஆனால் பழக்கம் ஒழியவில்லை. எங்காவது சம்பவம் நடந்தால் இன்ன தெருவுக்குப் போ, இன்ன ஆட்களைத் தூக்கு என்கிற வழக்கம் இன்றைக்கும் இருக்கிறதா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். ரேகைச் சட்டத்தில் அடிபட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே இன்றைக்கு மாவுக்கட்டுப் படத்துக்குக் கைதட்டுவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

கூட்டத்தோடு சேர்த்துத் தண்டிப்பதும் இங்கே புதிதில்லை. 1908 மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். பிறகு தண்டப் போலீஸை நிறுத்தி, அதன் செலவை மக்களிடமே வரியாக வாங்கினார்கள். அன்று கல்லெறிந்தவனும் கட்டினான், வீட்டுக்குள் கதவடைத்து இருந்தவனும் கட்டினான். ஆ.இரா. வேங்கடாசலபதி இந்த எழுச்சியைப் பற்றி எழுதிய ஆய்வு நூலுக்குத்தான் 2024-ஆம் ஆண்டின் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

இன்னும் பின்னால் போனால் சிலப்பதிகாரம். நமக்கெல்லாம் கண்ணகி சிலம்பை உடைத்த காட்சி மனப்பாடம். அதற்கு முந்தைய காட்சியை நாம் அவ்வளவு பேசுவதில்லை. காவலர்கள் கோவலனைப் பிடிக்க வருகிறார்கள். பார்த்தவுடன் அவர்களில் சிலருக்குத் தயக்கம். இந்த ஆளைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் பேச ஆரம்பிக்கிறான். கள்வர்களுக்கு மந்திரம் உண்டு, மருந்து உண்டு, தெய்வம் உண்டு, சகுனம் பார்ப்பார்கள் என்று எட்டு வகைத் துணைகளை அடுக்கி, கள்வர்கள் பொதுவாக எப்படிப்பட்டவர்கள் என்று ஒரு பாடமே நடத்துகிறான். கோவலன் அந்தச் சிலம்பை எங்கே எடுத்தான், எப்போது எடுத்தான் என்பதற்கு அந்தப் பேச்சில் ஒரு சான்று கிடையாது. கடைசியில் குடித்திருந்த ஒரு காவலன் வாளை வீசிவிடுகிறான். மன்னன் முன்னால் கோவலன் நிற்கவே இல்லை. உன் தரப்பு என்ன என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. பாண்டியன் நெடுஞ்செழியன் இறந்தபிறகு வெற்றிவேற்செழியன் கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று நூல் சொல்கிறது. அவன் இருந்த ஊர் கொற்கை. நம் தாமிரபரணி கடலைத் தொடுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அதே கொற்கை. ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னதற்கு ஆயிரம் பேர். அந்த ஆயிரத்தில் ஒருவனாவது அந்தச் சிலம்பைக் கண்ணால் பார்த்திருப்பானா? விசாரிக்காமல் ஒருவனைக் கொன்ற தவறுக்குப் பரிகாரம், விசாரிக்காமல் ஆயிரம் பேரைக் கொல்வது. காப்பியத்தில் வருகிறது, வரலாறா கதையா என்பது வேறு விஷயம். ஆனால் இதைப் படித்துவிட்டு நம்மில் பெரும்பாலோர் கோவலனுக்காக மட்டும் அழுகிறோம்.

சரி, "உங்க வீட்டுல வெட்டு விழுந்தா" என்ற கேள்விக்கு வருகிறேன்.

2024 டிசம்பர் 20. பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மாவட்ட நீதிமன்ற வாசல். காலை நேரம், வக்கீல்களும் கட்சிக்காரர்களும் வந்துகொண்டிருக்கும் நேரம். கொலை வழக்கு ஒன்றில் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞர் வாய்தாவுக்கு வந்திருக்கிறார். காரில் வந்த கும்பல் ஒன்று அவரை விரட்டி வாசலிலேயே வெட்டிக் கொன்றது. 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்குள்ளேயே ஒரு விசாரணைக் கைதி சக கைதிகளால் கொல்லப்பட்டார். இவர்கள் இரண்டு பேருக்கும் தீர்ப்பு வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை. அவர்கள்மேல் சொல்லப்பட்ட குற்றங்களை அவர்கள்தான் செய்தார்களா என்று ஒரு நீதிமன்றம் சொல்லும் வாய்ப்பே போய்விட்டது. அதற்காகக் காத்திருந்த மறுதரப்புக் குடும்பங்களுக்கும்தான் போய்விட்டது.

அரிவாளோடு வந்தவனைக் கேட்டால் என்ன சொல்வான்? அவன்தான் கொன்றான் என்பது ஊருக்கே தெரியும், கோர்ட்டில் இழுத்தடித்து வெளியே வந்துவிடுவான், அதனால் நாங்களே முடித்தோம் என்பான். மாவுக்கட்டுப் படத்துக்குக் கைதட்டுகிறவர் சொல்வதும் கிட்டத்தட்ட இதேதான். விசாரணை வேண்டாம், நமக்குத்தான் தெரியுமே. ஸ்டேஷனில் இந்த நியாயம் செல்லும் என்று நாம் ஒப்புக்கொண்டால், தெருவில் செல்லாது என்று எந்த முகத்தோடு சொல்வோம்? என் வீட்டில் வெட்டு விழுந்தால் நான் கேட்கப்போவது, வெட்டியவனைப் பிடியுங்கள் என்பதைத்தான். வெட்டியவனை. கையில் கிடைத்தவனை இல்லை.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல், பாளையங்கோட்டை நீதிமன்றங்களில் வருஷக்கணக்கில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவர், சொல்வார்: "அடிச்சு வாங்குற கேஸு கோர்ட்டுல நிக்காதுய்யா." ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அதன்மூலம் ஏதாவது பொருளை எடுத்துக் காட்டினால் அந்த அளவுக்குத்தான் மதிப்பு. எனவே அரிவாள் எடுத்த மகஜர் ஒன்றை எழுதி, அதில் கையெழுத்துப் போட இரண்டு சாட்சிகளைப் பிடிப்பார்கள். குறுக்கு விசாரணையில் அந்தச் சாட்சிகள் பிறழ்வார்கள். ரத்தக்கறையை முறையாக எடுத்திருக்க மாட்டார்கள், செல்போன் டவர் விவரத்தை நேரத்துக்கு வாங்கியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் ஆள் ஒப்புக்கொண்டுவிட்டான் அல்லவா? உண்மையில் வெட்டியவனே அகப்பட்டிருந்தாலும் இப்படித்தான் விடுதலையாகிப் போகிறான். பிறகு நாம் கோர்ட்டைத் திட்டுகிறோம்.

மாவுக்கட்டுப் படத்தோடு வரும் அந்தக் கழிவறைக் கதையும் கோர்ட்டில் எடுபடவில்லை. ஸ்டேஷன் கழிவறையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீஸார் விழ மாட்டார்களா என்று சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் கேட்டுவிட்டது.

கைதுக்குப் பிந்தைய அந்த 24 மணி நேரத்தில் இன்னொருவர் இருக்கிறார். மாஜிஸ்திரேட். ரிமாண்ட் என்பது சடங்கு இல்லை. எதற்காகக் கைது, காயம் இருக்கிறதா, வக்கீல் இருக்கிறாரா, வீட்டுக்குச் சொன்னார்களா என்று அவர் முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்க வேண்டும். போலீஸைத் தவிர வேறு ஒரு மனிதர் அந்த ஆளை முதன்முதலில் பார்க்கும் தருணம் அது. 2020 ஜூனில் நமக்குத் தெற்கே சாத்தான்குளத்தில் என்ன நடந்தது? ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையை மூடவில்லை என்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஜூன் 19 அன்று கொண்டுபோனார்கள். மறுநாள் ரிமாண்ட். மாஜிஸ்திரேட் மாடியிலிருந்தபடியே கையசைத்து அனுப்பிவிட்டார் என்று செய்திகள் வந்தன. சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி கோவில்பட்டிக் கிளைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23-ஆம் தேதி காலை தந்தை. கடையைத் திறந்து வைத்திருந்தது நிரூபணமாகியிருந்தாலும் அதற்கு என்ன தண்டனை கிடைத்திருக்கும்? அபராதத்தோடு முடிந்துபோகிற விஷயம்.

அதே வழக்கில் தலைநிமிர்ந்த மனிதர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும் தாமாகவே வழக்கைக் கையில் எடுத்தார்கள். கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன் நேரே காவல் நிலையத்துக்குப் போய் விசாரித்தார். அங்கே அவரை அவமதித்தார்கள். கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து எழுதினார். காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொடுக்கும்படி உத்தரவானது. தலைமைக் காவலர் ரேவதி, தன் சக போலீஸாருக்கு எதிராகப் பார்த்ததைச் சொன்னார். அந்த ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை நினைக்கும்போதெல்லாம் காக்கிச் சட்டைமேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

சட்டத்திலேயே குற்றமற்றவர் என்ற இந்த அனுமானத்தைத் தளர்த்தும் இடங்கள் பல இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 29-ஆம் பிரிவு நிரூபிக்கும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர்மேல் திருப்புகிறது. அங்கேயும் அடிப்படை உண்மைகளை முதலில் அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. குழந்தைகளின் நிலைமையை யோசித்தால் அந்தத் தளர்வு எனக்குப் புரிகிறது. குண்டர் சட்டம் எனக்குப் புரியவில்லை. 1982-ஆம் வருஷத்து 14-ஆம் எண் தமிழ்நாடு சட்டம். விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம்வரை உள்ளே வைக்கலாம். ஆட்கொணர்வு மனு போட்டு உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்வதற்குள் பாதிக் காலம் கழிந்துவிடும். குற்றம் நடந்திருந்தால் வழக்கை நடத்துங்கள், சீக்கிரம் நடத்துங்கள் என்பதுதான் என் கட்சி. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவரைவிடத் தீர்ப்புக்குக் காத்துச் சிறையில் இருந்தவர்தான் அப்போது இந்த நாட்டில் மூன்று மடங்கு.

அம்பாசமுத்திரம் வழக்கைப் பற்றி எழுதும்போது அந்த ஏ.எஸ்.பி.யின் பெயரை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஆனால் நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை அவரும் குற்றம் சாட்டப்பட்டவர்தான், குற்றவாளி அல்ல. அவருக்கு சம்மன் போனது. வக்கீலோடு நீதிமன்றத்துக்கு வந்தார். ஜாமீன் கிடைத்தது. பிறகு பணியிடை நீக்கமும் விலக்கப்பட்டது. யாரும் அவர்மேல் கை வைக்கவில்லை. உண்மையைச் சொல் என்று யாரும் அவர் வாயைத் திறக்கவில்லை. அப்படித்தான் நடக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஒரு நாகரிகமான சமூகம் குற்றம் சாட்டப்பட்டவரை நடத்த வேண்டிய முறை அதுதான். அதே முறை கல்லிடைக்குறிச்சிப் பையனுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பதவி இருப்பவனுக்கு அனுமானம், இல்லாதவனுக்குப் பிளேயர் என்றால் அதைச் சட்டம் என்று அழைக்க முடியாது.

கடைசியாக, இதைப் படிக்கிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியவை. உங்கள் வீட்டுப் பையனையோ பக்கத்து வீட்டுப் பையனையோ ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் பதற்றப்படாமல் எந்த ஸ்டேஷன், எந்த வழக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த நேரம்தான் 24 மணிக் கணக்கின் தொடக்கம். ஏழு ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களில் காரணத்தைப் பதிவு செய்யாமல் சட்டென்று கைது செய்யக் கூடாது, கைது தேவைப்படாதபோது நோட்டீஸ் கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும். 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 35-ஆம் பிரிவு. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும். ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது ஒரு வக்கீலாவது கூட இருக்கட்டும். காயம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் அங்கேயே, அப்போதே சொல்லச் சொல்லுங்கள். ஜெயிலுக்குப் போனபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். கைது செய்யப்பட்டுக் காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி அவருக்கு உரிமை. சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. போனில் இப்போதே பதிந்து வையுங்கள்.